முன் அனுபவம்

உச்சப்பட்டி முகாம், மூன்றாவது வரிசை.
தகரம் போட்ட சமுதாயக் கூடத்தில்
ஆறு தையல் மிஷின். ஐந்து ஓடும்.
ஆறாவதற்கு பெல்ட் வேண்டுமென்று
போன மாதமும் எழுதிப் போட்டேன்.

எனக்கு வேலை படிவம் நிரப்புவது.
பெயர், வயது, அட்டை எண்,
கரையில் இறங்கிய தேதி,
கணவர்: இருக்கிறார், இல்லை, தெரியவில்லை,
மூன்றில் ஒன்றை டிக் செய்யவும்.
அப்புறம் ஒன்பதாவது கட்டம், முன் அனுபவம்.

கொன்சிலியா "கருவாடு" என்றாள்.
சத்தியசீலி ஒன்றும் சொல்லாமல்
பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.
நாகபூசணி மட்டும்
"ஓம், தைச்சிருக்கிறன்" என்றாள்.
எங்கே, கடையிலா வீட்டிலா?
"பங்கருக்கு."

எனக்கு விளங்கவில்லை.
குண்டூசி கவ்விய வாயோடு சொன்னாள்:
உரப்பை முடிஞ்சு போச்சு,
பிறகு சீலையளிலதான் மண்மூட்டை.
ஒரு சீலைக்கு அஞ்சு மூட்டை,
கரை வீணாகாமல் வெட்டினால் ஆறு.
முதல்ல நூல்சீலை. பிறகு நைலக்ஸ்.
கடைசியாக் கூறை.
"கூறை நல்லா மண் தாங்கும் அக்கா.
சரிகை முதுகில குத்தும், அவ்வளவுதான்."

கட்டம் ஓர் அங்குலம்.
பேனாவை மூடினேன், திறந்தேன்,
'தையல், இரண்டு ஆண்டு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

விளக்குத்தூண் சாந்தாராம் கடைக்கு இன்ஸ்கர்ட்.
உருப்படி ஒன்பது ரூபாய்.
துணி அவருடையது, நூல் நம்முடையது.
முதல் கட்டை இறக்கிய அன்றைக்கு
ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.
மறுபடி இழுத்தார்.
"என்னம்மா, நாலு தையல் ஓடியிருக்கு?
பொம்பளைங்க கட்டுறதா, சிமிண்டு அள்ளுறதா?
நூலுக்குப் பிடிச்ச கேடு."
நான் பஸ் டிக்கெட்டைச் சின்னச் சின்னதாய்
மடித்துக்கொண்டு நின்றேன்.

ஒற்றைத் தையல் போதுமாம், வந்து சொன்னேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நாகபூசணி ஒரு பகல் முழுக்க முயன்றாள்.
ஓரம் முடிந்ததும் அவள் கை
துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டியது.
"பிரிஞ்சால் கொட்டும் அக்கா."
என்ன கொட்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆடியில் கொன்சிலியா நின்றுவிட்டாள்.
திருமங்கலத்தில் இரண்டு வீட்டுப் பாத்திரம்,
மாதம் நாலாயிரம், பழைய சோறு தனி.
ஒன்பதைப் பெருக்கிக் காட்ட
என்னிடம் நோட்டு இருந்தது. வாய் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணூறு உருப்படி.
சனிக்கிழமை கெடு.
அதே சனிக்கிழமை தணிக்கை:
ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போடாவிட்டால்
உதவித்தொகை நிற்கும்.
வரிசையில் நின்றபடியே நாடா கோர்த்தார்கள்.
பெயர் கூப்பிட்டதும்
பல்லிடுக்கில் நாடாவோடு ஒரு "இருக்கிறன்".
ஆர்.ஐ. சார் நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார்,
பக்கத்தைப் புரட்டினார்.
பெரியார் நிலையம் வரைக்கும்
மூட்டை என் மடியில் உட்கார்ந்து வந்தது.

கடையில் நெரிசல்.
உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி
வேட்டி அடுக்குக்கு மேல் கையூன்றி,
"போன தடவ எடுத்தேனே, கிழியாத பாவாட,
அதக் குடுப்பா. களையெடுக்கக் குனிஞ்சா
மத்ததெல்லாம் பிச்சிக்கிட்டுப் போகுது."

சாந்தாராம் என்னைப் பார்த்தார்.
நான் மூட்டையை அவிழ்க்கவில்லை.
பத்தரை, என்றார்.
பதினொண்ணு.
பத்தே முக்கால், போம்மா, நாள் கிழமையில.

ஒன்றே முக்கால் ரூபாய் ஏறியதைச் சொன்னபோது
நாகபூசணி பாபின் மாற்றிக்கொண்டிருந்தாள்.
"நூல் காசுக்குச் சரி" என்றாள்.
பிறகு மிஷினை நிறுத்தாமலே,
"அந்த மனிசிக்குச் சொல்லிவிடுங்கோ,
நாடாவைப் பாத்து இழுக்கச் சொல்லி.
அது கடையில வாங்கினது.
அதுக்கு நான் பொறுப்பில்லை."